சட்டத்துக்கு வெளியே ஒரு மலை

கல்வராயன் மலையைப் பற்றி வெளிவரும் படங்களை இரண்டே வகையில் அடக்கிவிடலாம். முதல் வகையில் மேகம் அருவி, பெரியார் அருவி, வெள்ளிமலைக்கு ஏறும் சாலையின் வளைவுகள், காலைப் பனி, கண்ணுக்கு எட்டிய வரை பச்சை. அதில் மனிதர்கள் இருக்க மாட்டார்கள். இரண்டாவது வகையில் கவிழ்க்கப்பட்ட சாராய ஊறல் பேரல்கள், அவற்றுக்குப் பின்னால் வரிசையாக நிற்கும் காவலர்கள், தலையைக் குனிந்து உட்கார்ந்திருக்கும் கைதிகள். அதில் மனிதர்கள் உண்டு, குற்றவாளிகளாக.

இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு மக்கள்கூட்டம் சாமை விதைக்கிறது, மரவள்ளி பிடுங்குகிறது, கடுக்காய் பொறுக்குகிறது, பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புகிறது. அதற்குப் படம் கிடையாது. இது தற்செயலாக விட்டுப்போனது என்று நான் நம்பவில்லை. இயற்கைப் படம் என்றால் என்ன, அதில் யார் இருக்கலாம், யார் இருக்கக் கூடாது என்பதற்கு எழுதிய விதியும் உண்டு, எழுதாத விதியும் உண்டு. ரசனை சம்பந்தப்பட்ட பேச்சு என்று இதைத் தள்ளிவிட வேண்டாம். நிலம் யாருடையது என்ற கேள்வி இதற்குள் இருக்கிறது.

நான் கள்ளக்குறிச்சிப் பக்கம் ஸ்டுடியோ வைத்துப் பிழைக்கிறவன். கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, சாவு என்று எதையும் விட்டதில்லை. வேலை இல்லாத நாளில் பறவைகளையும் எடுப்பேன். மலையிலிருந்து வருகிறவர்கள் என் கடைக்கு வருவது ஒரே காரியத்துக்குத்தான். சாதிச் சான்றிதழ் மனுவுக்கோ, வங்கிக் கணக்குக்கோ, வன உரிமை மனுவுக்கோ பாஸ்போர்ட் அளவு படம் வேண்டும். பின்னால் ஒரு வெள்ளைத் திரையைத் தொங்கவிட்டு, நேராகப் பார்க்கச் சொல்லி எடுக்கிறேன். அரசாங்கத்துக்கு வேண்டியது மலை இல்லாத முகம். சுற்றுலா வருகிறவருக்கு வேண்டியது முகம் இல்லாத மலை. இரண்டையும் எடுப்பது ஒரே கேமராதான்.

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஒளிப்படப் போட்டிக்குப் படம் அனுப்பினேன். நடத்தியவர்கள் பெயர் இங்கே வேண்டாம். சாமைக் காட்டில் ஏர் உழுதுகொண்டிருக்கிறது, மாட்டின் முதுகில் ஒரு கரிச்சான் உட்கார்ந்திருக்கிறது. மண் புரளும்போது கிளம்பும் பூச்சிக்காக அந்தக் குருவி ஏரைத் தொடர்ந்து வரும். உழவன் இல்லாவிட்டால் அந்தக் காட்சியே இல்லை. 'மனிதக் கூறு உள்ளது, வளர்ப்பு விலங்கு உள்ளது' என்று இயற்கைப் பிரிவிலிருந்து படத்தைத் தள்ளிவிட்டார்கள். நான் மட்டும் பட்ட குறை என்றால் இதை எழுத மாட்டேன். அந்த விதி எங்கிருந்து வந்தது என்று தேடிப் பார்த்தேன்.

ஃபியாப் என்னும் பன்னாட்டு ஒளிப்படக் கூட்டமைப்பு, அமெரிக்காவின் பி.எஸ்.ஏ., இங்கிலாந்தின் ஆர்.பி.எஸ். ஆகிய மூன்றும் சேர்ந்து இயற்கை ஒளிப்படத்துக்கு ஒரு பொது வரையறை வகுத்தன. அது 2015 முதல் நடைமுறைக்கு வந்தது. நம் ஊர்க் கேமரா கழகங்கள் பலவும் அதை ஒட்டியே போட்டி வைக்கின்றன. அந்த வரையறையின்படி படத்தில் மனிதக் கூறு இருக்கக் கூடாது. பயிரிட்ட செடி கூடாது, வளர்ப்பு விலங்கு கூடாது. விதிவிலக்கு இரண்டு. கூகை, நாரை போல மனிதர் மாற்றிய சூழலுக்குப் பழகிவிட்ட உயிர்களைக் காட்டும்போது மனிதத் தடயம் வரலாம். புயல், கடல் சீற்றம் போன்ற இயற்கையின் வேகத்தைக் காட்டும்போதும் வரலாம். காட்டு விலங்கின் கழுத்தில் விஞ்ஞானிகள் மாட்டிய ரேடியோ பட்டை இருந்தால் அதற்கும் தடையில்லை.

இதை நிதானமாக யோசித்துப் பாருங்கள். மனிதன் நாரைக்குக் கூரையாக இயற்கைக்குள் வரலாம். புயலில் அடிபட்டவனாக வரலாம். விஞ்ஞானியின் கைவேலையாக விலங்கின் கழுத்தில் தொங்கலாம். உழுகிறவனாகவும் தேனெடுக்கிறவளாகவும் மட்டும் வரக் கூடாது.

இன்னொரு விசித்திரமும் உண்டு. படத்தில் இருக்கும் ஒன்றைக் கணினியில் அழித்தால் அது மோசடி. ஓரத்தை வெட்டி எறிந்தால் மோசடி இல்லை. கேமராவைக் கொஞ்சம் திருப்பிக் குடிசையை ஒதுக்கிவிட்டால் அது திறமை. லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் நடத்தும் புகழ்பெற்ற காட்டுயிர்ப் போட்டியில் 2009-இல் முதல் பரிசு பெற்ற ஓநாய்ப் படத்தை மறு ஆண்டே தகுதிநீக்கம் செய்தார்கள். அது காட்டு ஓநாய் அல்ல, பழக்கப்பட்ட ஓநாயாகத்தான் இருக்க வேண்டும் என்று முடிவு செய்தார்கள். உண்மையின் மேல் அவ்வளவு அக்கறை. நல்லதுதான். ஆனால் அந்த நிலத்தில் வாழ்கிறவர்களை விட்டுவிட்டு எடுத்ததற்காக ஒருவரின் பரிசு பறிபோனதாக நான் கேள்விப்பட்டதில்லை.

'மனிதக் கால் படாத காடு', 'மாசுபடாத மலை', 'கன்னி நிலம்' என்று படத்துக்குக் கீழே எழுதுகிறார்கள். மனிதர் தொட்டால் தீட்டு, தொடாதது தூய்மை என்ற எண்ணம் நமக்குப் புதிதா? கோயில் கருவறைக்கும் ஊர்க் கிணற்றுக்கும் இதே விதியைத்தானே வைத்திருந்தார்கள்? ஒரு சிறிய வேறுபாடு மட்டும் உண்டு. 'மனிதக் கால்' என்று சொல்லும்போது எல்லா மனிதரையும் சொல்வதில்லை. படமெடுக்கிறவரின் கால், அவர் வந்த ஜீப்பின் சக்கரம், அவர் தங்கும் விடுதி எதுவும் காட்டை மாசுபடுத்தியதாகக் கணக்கில் வராது. அங்கேயே பிறந்தவர்களின் கால்தான் தீட்டு. கால்களைத் தரம் பிரிக்கும் இந்தப் பழக்கத்துக்கு நம் நாட்டில் பெயர் சாதி.

உடனே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். மலையில் வாழும் பழங்குடிகளின் வரலாறும் சமவெளிச் சேரிகளின் வரலாறும் ஒன்றல்ல. இரண்டையும் ஒரே சொல்லில் கட்டிப்போடுவது இரண்டுக்குமே அநியாயம். ஆனால் இரண்டையும் படத்துக்கு வெளியே தள்ளும் கண் ஒன்றுதான். சமவெளியில் எடுக்கும் 'அழகிய கிராமம்' படங்களைப் பாருங்கள். ஏரி, கோபுரம், ஆலமரம், நெல்வயல். சேரி எங்கே? தப்பித்தவறி மனிதர் வந்தால் நாற்று நடும் பெண்கள், குனிந்த முதுகுகளாக. அவர்கள் எந்தத் தெருவிலிருந்து வந்தார்கள், அந்த வயல் யாருடையது, கூலி எவ்வளவு என்று படம் சொல்லாது. வயலில் நிற்கும் கொக்குக்குத் தமிழ்ப் பெயர், ஆங்கிலப் பெயர், அறிவியல் பெயர் மூன்றும் உண்டு. எடுத்த லென்ஸுக்குப் பெயர் உண்டு. நடவு நடும் பெண்ணுக்கு 'கிராமத்துப் பெண்' என்பதே பெயர்.

நிலத்திலிருந்து மனிதரைக் கழித்துவிட்டு அதை அழகு என்று சொல்வது தமிழ் மரபும் அல்ல. சங்க காலம் பொற்காலம் என்று கொண்டாடுகிறவன் இல்லை நான். இருந்தாலும் தொல்காப்பியம் ஒரு திணையின் கருப்பொருளை அடுக்கும்போது விலங்கு, மரம், பறவை ஆகியவற்றோடு உணவையும் பறையையும் தொழிலையும் சேர்த்தே வைக்கிறது. பறை ஒலிக்காத, வேலை நடக்காத குறிஞ்சி நிலம் அந்த இலக்கணத்தில் கிடையாது. ஆளில்லாத நிலம் வேறொரு இடத்திலிருந்து இறக்குமதியானது.

அமெரிக்காவின் யோசெமிட்டி பள்ளத்தாக்கை எடுத்துக்கொள்வோம். உலகின் நிலக்காட்சிப் படங்களுக்கெல்லாம் அதுதான் பாடப்புத்தகம். 1851-இல் மாரிபோசா படைப்பிரிவு என்ற ஆயுதக்கூட்டம் உள்ளே புகுந்து அங்கு வாழ்ந்த அவானீச்சி பழங்குடி மக்களை விரட்டியது. பத்தே ஆண்டில், 1861-இல், கார்ல்டன் வாட்கின்ஸ் பெரிய கண்ணாடித் தகடுகளைச் சுமந்து சென்று அந்தப் பள்ளத்தாக்கைப் படமெடுத்தார். அமைதியான, ஆளற்ற, பிரம்மாண்டமான படங்கள். 1864-இல் அதைப் பாதுகாக்கும் சட்டத்தில் லிங்கன் கையெழுத்திட்டதற்கு அந்தப் படங்களும் ஒரு காரணம் என்பார்கள். பின்னால் ஆன்சல் ஆடம்ஸ் அதை உலகப் புகழாக்கினார். எஞ்சியிருந்த பழங்குடிக் குடியிருப்பின் கடைசி வீடுகளையும் 1969-இல் பூங்கா நிர்வாகம் கொளுத்தி முடித்தது. முதலில் துப்பாக்கி, பிறகு கேமரா, அதன் பிறகு சட்டம், கடைசியில் நெருப்பு. வாட்கின்ஸோ ஆடம்ஸோ கெட்டவர்கள் என்று நான் சொல்லவில்லை. ஆளில்லாத படம், ஆளை வெளியேற்றியதை மறக்க வைத்தது என்றுதான் சொல்கிறேன்.

நம் பக்கத்தில் கேமரா பழங்குடிகளை விட்டுவிடவில்லை. வேறு விதமாகப் பிடித்தது. சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன் அளவுக் கருவிகளால் மக்களின் மண்டையையும் மூக்கையும் அளந்தார், படமெடுத்தார். தென்னிந்தியச் சாதிகளும் பழங்குடிகளும் பற்றிய அவருடைய ஏழு தொகுதிகள் 1909-இல் வெளிவந்தன. கல்வராயன் மக்களான மலையாளிகளும் அதில் இருக்கிறார்கள். (கேரளத்தவர் இல்லை. மலையை ஆள்கிறவர்கள் என்ற பொருளில் வந்த பெயர்.) காஞ்சியிலிருந்து வந்த மூன்று அண்ணன் தம்பிகளில் மூத்தவர் சேர்வராயன் மலையிலும் மற்ற இருவர் பச்சைமலையிலும் கொல்லிமலையிலும் குடியேறியதாக அவர்கள் வழிவழியாகச் சொல்லிவருவதும் பதிவாகியிருக்கிறது. தமிழ்நாட்டுப் பழங்குடிகளில் எண்ணிக்கையில் பெரியவர்கள் இவர்கள்தான். 2011 கணக்கெடுப்பில் மூன்றரை லட்சத்துக்கும் மேல். 'ஆளில்லாத மலை' என்று நாம் ரசிப்பது இவர்களுடைய ஊர்.

அந்த ஊருக்கு நடந்தது என்ன? மூன்று ஜாகிர்தார்களின் பிடியில் இருந்த மலை 1976-இல்தான் முழுமையாக அரசின் கைக்கு வந்தது. மலைமக்களுக்கு வாக்குரிமை கிடைத்தது 1996-இல்தான். நாடு விடுதலையாகி அரை நூற்றாண்டு கழித்து! இந்த விவரங்கள் பரவலாகப் பேசப்பட்டதே 2024-இல், சென்னை உயர்நீதிமன்றம் தானாக முன்வந்து எடுத்த வழக்கில்தான். அந்த வழக்கு வர என்ன காரணம்? 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 60-க்கும் மேற்பட்டோர் செத்துப்போனார்கள். பெரும்பாலோர் தலித் கூலித் தொழிலாளர்கள். அத்தனை சாவு விழுந்த பிறகுதான், 'அந்த மலையில் மக்கள் எப்படி வாழ்கிறார்கள்?' என்ற கேள்வி நீதிமன்றத்தில் எழுந்தது.

அந்த நாட்களில் வந்த படங்களையும் நினைவுபடுத்திப் பாருங்கள். மெத்தனால் தொழிற்சாலைச் சரக்கு. மலையில் யாரும் அதை ஊறப்போட்டுக் காய்ச்ச முடியாது. ஆனாலும் போலீஸ் படை மலையேறியது, கேமராக்கள் பின்னாலேயே ஏறின. உடைபட்ட ஊறல் பேரல்கள் பக்கம் பக்கமாக வந்தன. மெத்தனால் வந்த வழியைவிட மலையைப் படமெடுப்பது எளிதாக இருந்தது.

பக்கத்து மலைகளுக்கும் இதுவே கதை. சித்தேரி மலையடிவாரத்து வாச்சாத்தியில் 1992 ஜூன் 20 அன்று சந்தன மரம் தேடுகிறோம் என்று புகுந்த வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் 18 பெண்களை வன்புணர்ந்தார்கள், ஊரையே சூறையாடினார்கள். குற்றம் சாட்டப்பட்டவர்கள் 269 பேர். இடையில் செத்தவர்கள் போக 215 பேரையும் 2011-இல் நீதிமன்றம் குற்றவாளிகள் என்றது. 2023-இல் உயர்நீதிமன்றம் அதை உறுதி செய்தது. 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் ஆந்திரக் காவல்துறை 20 பேரைச் சுட்டுக் கொன்றது. அவர்களில் ஜவ்வாது, சித்தேரி மலைகளிலிருந்து கூலிக்குப் போனவர்களும் இருந்தார்கள். செம்மரக் கட்டைகளின் பக்கத்தில் பிணங்கள் கிடந்த படங்களை நாடே பார்த்தது. காட்டின் நடுவே பழங்குடி மனிதன் முழு உருவமாகப் படத்தில் வர, அவன் பிணமாக வேண்டியிருந்தது.

தமிழில் 'சட்டம்' என்ற சொல்லுக்கு இரண்டு பொருள். படத்தைச் சுற்றி அடிக்கும் மரச்சட்டமும் சட்டம்தான், நீதிமன்றத்தில் பேசும் சட்டமும் சட்டம்தான். கல்வராயன் மக்கள் இரண்டுக்கும் வெளியே நிறுத்தப்பட்டவர்கள்.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு வரும். இயற்கைப் படங்கள்தானே காடுகளைக் காப்பாற்றின? மனிதர் நுழைந்தால் காடு அழியத்தானே செய்கிறது? ஓர் அழகான படம் பார்த்துத்தானே காட்டின் மேல் அக்கறையே பலருக்கு வருகிறது? உண்மைதான். நானும் அப்படித்தான் பறவைகளிடம் போனேன். படங்கள் இல்லாவிட்டால் யோசெமிட்டியின் மரங்களும் மரக்கம்பெனிகளிடம் போயிருக்கலாம். ஆனால் காட்டை அழித்த மனிதர் யார்? சந்தனத்தையும் செம்மரத்தையும் வாங்கிய வியாபாரி எந்தப் படத்தில் வந்தான்? சட்டி நிறையச் சாமை விளைவிக்கிறவரையும், லாரி லாரியாக மரம் கடத்துகிறவரையும் 'மனிதர்' என்ற ஒரே சொல்லில் போட்டுக் குலுக்குவது அக்கறை ஆகாது. இன்னொன்றும் கேட்க வேண்டும். காட்டுயிரைத் தேடிப் போகும் படக்காரருக்கு அது எந்த ஓடையில் நீர் குடிக்கும், எந்த மரத்தில் கூடு வைக்கும் என்று காட்டியது யார்? பாம்பு பிடிக்கும் இருளர்களான வடிவேல் கோபாலுக்கும் மாசி சடையனுக்கும் 2023-இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். அதே ஆண்டு முதுமலையின் பொம்மனையும் பெள்ளியையும் காட்டிய ஆவணப்படம் ஆஸ்கர் வாங்கியது. காட்டை அறிந்தவர்கள் யார் என்பது நாட்டுக்குத் தெரியும். அந்த அறிவைப் படத்துக்குக் கீழே பெயராக எழுதத்தான் மனம் வரவில்லை.

இப்போது நிலத்துக்கு வருகிறேன். 2006-இல் வன உரிமைச் சட்டம் வந்தது. 2005 டிசம்பர் 13-க்கு முன்பிருந்து வன நிலத்தில் வாழ்ந்து பயிரிடும் பழங்குடிகளுக்கு அந்த நிலத்தில் உரிமை உண்டு என்றது. 4 ஹெக்டேர் வரை. தமிழ்நாட்டில் உரிமை ஆவணம் வழங்குவதற்கு 2008-இல் சென்னை உயர்நீதிமன்றம் போட்ட இடைக்காலக் கட்டுப்பாடு 2016-இல்தான் விலகியது. எட்டு ஆண்டுகள் அப்படியே போயின.

அந்தச் சட்டத்தின் விதிகள் என்ன சான்று கேட்கின்றன என்று பாருங்கள். அரசு ஆவணம் மட்டுமே வேண்டும் என்று அவை சொல்லவில்லை. வீடு, குடிசை, சமன்படுத்திய நிலம், வரப்பு, தடுப்பணை ஆகியவற்றையும் சான்றாக ஏற்கின்றன. பழைய கிணறு, சுடுகாடு, சாமி கும்பிடும் இடம் ஆகியவற்றையும் ஏற்கின்றன. ஊர்ப் பெரியவர்களின் வாக்குமூலத்தையும் ஏற்கின்றன. இப்படிப்பட்ட சான்றுகளில் ஒன்றுக்கு மேற்பட்டவை வேண்டும்.

அதாவது, நிலத்தில் மனிதர் விட்ட தடயம் எல்லாம் அங்கே உரிமைக்கு ஆதாரம். போட்டி விதி எதையெல்லாம் படத்திலிருந்து விலக்கச் சொல்கிறதோ, அதையெல்லாம் வன உரிமை விதி கொண்டுவந்து காட்டச் சொல்கிறது. ஒரு கிழவி தன் மாமனார் கட்டிய கல் வரப்பின் மேல் நிற்கிறாள். போட்டி நடுவருக்கு அது கெட்டுப்போன நிலக்காட்சி. கிராம சபைக்கு அது சான்று. என்னைப் போன்ற படக்காரர்கள் எந்த மேசைக்குப் படம் எடுக்கப்போகிறோம் என்பதே கேள்வி.

படம் ஒன்றால் உரிமை கிடைத்துவிடாது. கிராம சபை தீர்மானம் வேண்டும், நில அளவை வேண்டும், அதிகாரிகளைத் துரத்த வேண்டும், அமைப்பாகத் திரள வேண்டும். ஆனால் 'இங்கே யாரும் இருந்ததே இல்லை' என்ற பொய்யை உடைக்கப் படத்தைப் போன்ற எளிய கருவி வேறில்லை. அந்தப் பொய்யைக் கட்டியதிலும் படத்துக்குப் பங்கு உண்டு அல்லவா?

ஆகவே சிலவற்றைக் கேட்கிறேன். கல்வராயனுக்குக் கேமராவோடு வருகிறவர்கள், வழிகாட்டியவரின் பெயரை, அவர் சம்மதத்தோடு, ஊரின் பெயரோடு படத்துக்குக் கீழே எழுதட்டும், அவருக்குரிய கூலியைக் கொடுக்கட்டும். கோடை விழாவுக்கும் சுற்றுலா விளம்பரத்துக்கும் அருவிகளை மட்டும் அச்சிடும் மாவட்ட நிர்வாகம், அந்த அருவிகளுக்கு மேலும் கீழும் இருக்கும் ஊர்களையும் காட்டட்டும், அங்கே சாலை இல்லாத ஊர்களையும் சேர்த்து. நம் கேமரா கழகங்கள் வெளிநாட்டு வரையறையை அப்படியே படியெடுப்பதை விட்டு, உழவும் மேய்ச்சலும் தேனெடுப்பும் இயற்கையின் பகுதிதான் என்று தங்கள் விதியில் எழுதட்டும்.

எல்லாவற்றையும்விட முக்கியம், கேமரா கைமாற வேண்டும். துப்புரவுத் தொழிலாளர்களின் வாழ்வைப் படமெடுத்த மதுரையின் பழனிக்குமார், உழைக்கும் மக்களின் பிள்ளைகளுக்கு ஒளிப்படம் சொல்லிக்கொடுக்கிறார். வாடிப்பட்டியின் ஜெய்சிங் நாகேஸ்வரன், தன் தலித் குடும்பத்தைத் தானே படமெடுத்து உலகக் கண்காட்சிகளுக்குக் கொண்டுபோனார். மும்பையின் சுதாரக் ஒல்வே துப்புரவுத் தொழிலாளர்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து பதிவு செய்தார். இவர்கள் யாரும் பரிதாபம் காட்டப் போனவர்கள் அல்லர். கல்வராயன் மலையின் அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகளில் படிக்கும் பிள்ளைகளின் கையில் பத்து கேமராக்கள் போனால் என்ன ஆகும்? அருவியையும் எடுப்பார்கள், கரிச்சானையும் எடுப்பார்கள், பாட்டனின் கல் வரப்பையும் எடுப்பார்கள். எது இயற்கை, எது மனிதர் என்று அவர்களுக்கு யாரும் பிரித்துக் காட்ட வேண்டியிருக்காது.

உள்ளூர் ஸ்டுடியோக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. வன உரிமை மனுவுக்குப் படம் எடுக்க மலையிலிருந்து ஒருவர் வந்தால், வெள்ளைத் திரைப் படத்தோடு நிறுத்திக்கொள்ள வேண்டாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரோடு மேலே போங்கள். அவருடைய வீட்டை, வரப்பை, கிணற்றை, சுடுகாட்டை அவர் பக்கத்தில் நிற்க எடுங்கள். தேதி போட்டு, இடத்தின் பெயர் எழுதி, இரண்டு பிரதி போடுங்கள். ஒன்று கிராம சபைக்கு, ஒன்று அவர் வீட்டுச் சுவருக்கு.